அரிதான ஆங்கிலக் குடும்பப் பெயரின் பூர்வீகத்தையும் பரவலையும் தேடுவது எப்படி: மௌப்ரே என்ற பெயரை முன்வைத்து

சென்னையின் சாலைகளில் ஹேடோஸ், கிரீம்ஸ், ஹாரிங்டன் போன்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பைக்ராப்ட்ஸ் ரோடு பாரதி சாலையாகவும், லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகவும், மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையாகவும் மாறிவிட்ட பிறகும், பழைய பத்திரங்களிலும் கடிதங்களிலும் அந்தப் பெயர்கள் தொடர்ந்து எதிர்ப்படுகின்றன. உள்ளூர் வரலாறு எழுதுவோரும், காலனியக் கால ஆவணங்களை மொழிபெயர்ப்போரும், பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: இந்தப் பெயர் எந்த ஊரில் பிறந்தது, எங்கெல்லாம் பரவியது, இதைத் தாங்கியவர் எங்கிருந்து வந்தார்? கடல் கடந்து போகாமலே இக்கேள்விக்கு ஓரளவு உறுதியான விடை காண வழி உண்டு. அந்த வழியை மௌப்ரே என்ற பெயரைக் கொண்டு விளக்குகிறேன். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இங்கிருந்த ஜார்ஜ் மௌப்ரே, அடையாற்றின் கரையில் கவிகை மாடத்துடன் ஒரு தோட்ட வீடு கட்டினார். இன்று மெட்ராஸ் கிளப் இயங்குவது அந்த வீட்டில்தான். சாலைக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே.

தொடங்கும்போதே மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெயர் எங்கு உருவானது என்பது ஒன்று. பெயரைத் தாங்கியவர்கள் எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கு வாழ்ந்தார்கள் என்பது இன்னொன்று. அவர்கள் அனைவரும் ஒரே குருதி வழியினரா என்பது மூன்றாவது. இணையத்தில் கிடைக்கும் குடும்ப வரலாறுகளில் பெரும்பாலானவை தடுமாறுவதற்குக் காரணம், ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதுதான். ஸ்மித், டெய்லர் போன்ற தொழிற்பெயர்கள் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தோன்றியவை என்பதால், அவற்றில் மூன்று கேள்விகளுமே விடையின்றி நின்றுபோகும். அரிய பெயர்களோ பெரும்பாலும் ஓர் ஊரிலிருந்தோ ஒரு பண்ணை வீட்டிலிருந்தோ கிளைத்தவை. பெயர் எவ்வளவு அரிதோ, அந்த அளவுக்குத் தேடுபவருக்கு நம்பிக்கை உண்டு.

எழுத்துக்கூட்டலைச் சேகரிப்பது

முதல் வேலை, பெயர் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று திரட்டுவது. தமிழில் தேடுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மௌப்ரே என்று நாம் எழுதும்போது, நடுவில் டபிள்யூ வரும் வடிவமும் (Mowbray) யு வரும் வடிவமும் (Moubray) ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் தேடலில் இந்த ஓர் எழுத்து வேறுபாடு பெரிய குறிப்பாக அமையக்கூடும், ஏனெனில் இங்கிலாந்தில் டபிள்யூ வடிவம் நிலைத்தது. யு வடிவம் ஸ்காட்லாந்தில் மிகுதியாக வழங்கியது. எனவே தமிழ் நூலிலோ செய்தித்தாளிலோ கண்ட வடிவத்தோடு நின்றுவிடாமல், கல்வெட்டிலோ பதிவேட்டிலோ அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கிச் செல்லச் செல்ல எழுத்துக்கூட்டல் தளர்ந்துகொண்டே போகும். பெயர் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதிய குருவானவரோ காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மனிதரின் பெயர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு விதமாகவும், திருமணப் பதிவில் வேறொரு விதமாகவும், அடக்கப் பதிவில் மூன்றாவது விதமாகவும் இருப்பது 18-ஆம் நூற்றாண்டு வரை இயல்பானது. சொல்லின் முதலில் வரும் ஹெச் மறைவது, ஐயும் ஒய்யும் இடம் மாறுவது, ஈற்றில் ஈ சேர்வது, மெய்யெழுத்து இரட்டிப்பது ஆகிய மாற்றங்களை வரிசையாகச் செய்து பார்த்து, கிடைக்கும் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பி இரண்டு பெயர்களை இணைத்துவிடக் கூடாது. இந்த எச்சரிக்கையைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஹாமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் பாலமாகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆனது என்ற கதை நம் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய திரிபுகள் இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம் மாவட்டம் போன்ற நிலப்பிரிவிலும், நடந்திருக்கின்றன.

பரவலை அளப்பது

பெயர்ப் பொருளை அகராதியில் பார்ப்பதற்கு முன்பு பரவலைப் பார்த்துவிடுங்கள் என்றே நான் வற்புறுத்துவேன். அகராதி சொல்லும் ஊர் மனதில் பதிந்துவிட்டால், பிறகு எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும் கண் அந்த ஊரையே தேடும்.

பரவலுக்கு மிகச் சிறந்த ஒற்றை ஆதாரம், 1881-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அங்கு 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரையும் முறையாகப் பதிந்து வைத்தது 1841 முதல்தான். 1881-ஆம் ஆண்டுப் பதிவு முழுவதும் எழுத்து எழுத்தாகப் படியெடுக்கப்பட்டு, ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடும்படி கிடைக்கிறது. அதில் ஒவ்வொருவரும் எங்கே வசித்தார் என்பதோடு எங்கே பிறந்தார் என்பதும் இருப்பதால், வசித்த இடத்தை விட்டுவிட்டுப் பிறந்த இடத்தைக் கொண்டு எண்ணினால் ஒரு தலைமுறைக் காலம் பின்னோக்கிப் போய்விடலாம். முதியவர்களின் பிறந்த ஊர்களை மட்டும் தனியாக எடுத்தால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கே போய்விடலாம். நிலக்கரிச் சுரங்கங்களும் பஞ்சாலைகளும் மக்களை ஊர்விட்டு ஊர் இழுத்த நூற்றாண்டு அது என்பதால் இந்தச் சிறு வேலை மிகவும் பயன் தரும்.

எண்ணிய பிறகு விகிதம் கணக்கிட வேண்டும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பல பெயர்களுக்கு லண்டன்தான் முதலிடத்தில் நிற்கும், ஏனெனில் எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 4 லட்சம் பேர் வாழும் ஒரு கவுண்டியில் ஒரு பெயரை 80 பேர் தாங்குகிறார்கள் என்றும், 40 லட்சம் பேர் வாழும் நகரத்தில் அதே பெயரை 200 பேர் தாங்குகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால் கவுண்டியில் 20, நகரத்தில் 5. எண்ணிக்கையில் நகரம் பெரிதாகத் தெரிந்தாலும், பெயரின் மையம் அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. 1881-இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 2 கோடியே 60 லட்சம். கவுண்டிவாரியான தொகைகளும் எளிதாகக் கிடைப்பவையே. 1974-இல் கவுண்டி எல்லைகள் பெருமளவில் மாற்றியமைக்கப்பட்டன என்பதால், பழைய எல்லைகள் வரைந்த வரைபடத்தையே பயன்படுத்த வேண்டும்.

ஒரே ஆண்டின் படம் போதாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை அரசால் பதியப்படுகின்றன. ஸ்காட்லாந்தில் 1855 முதல். அந்த அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்து ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஊர் இராது, பதிவு மாவட்டமே இருக்கும். ஒரு பதிவு மாவட்டம் இரண்டு கவுண்டிகளில் பரவி நிற்பதும் உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்குத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகள் உள்ளன. பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணையின்படி தொடங்கியவை அவை. இடையிடையே வரிப் பட்டியல்களும் உதவும்: 1662 முதல் 1689 வரை ஒவ்வொரு வீட்டின் அடுப்புக்கும் விதிக்கப்பட்ட வரி, 1641–42-இல் வயது வந்த ஆண்கள் கையொப்பமிட்ட உறுதிமொழிப் பட்டியல்கள், 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, நூற்றாண்டுகள் கடந்தும் மையம் அதே பகுதியில் நின்றால், பெயரின் தொட்டில் அருகில்தான் இருக்கிறது என்று ஓரளவு துணிந்து கூறலாம்.

ஓரளவு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. திருவையாற்றில் வாழும்வரை ஒருவரை யாரும் திருவையாற்றுக்காரர் என்று அழைப்பதில்லை. அவர் மயிலாப்பூருக்குக் குடிவந்த பிறகே அந்த அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். பெயருக்குரிய ஊரைவிட்டுச் சில மைல்கள் தள்ளிப் போனவருக்கே அந்தப் பெயர் நிலைத்தது. ஆகவே தொட்டிலைத் தேடும்போது மையத்தின் சுற்றுவட்டாரத்தில் அதே பெயரில் ஊரோ, பண்ணையோ, கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயரின் பிறப்பை நிறுவுவது

இப்போது அகராதியைத் திறக்கலாம். 2016-இல் வெளிவந்த, பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் குடும்பப் பெயர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 45,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்டது; பழைய அகராதிகளைவிட அதற்கு முதலிடம் தர வேண்டும். அகராதி கூறும் ஊரும், நீங்கள் கண்டறிந்த மையமும் ஒத்துப்போகின்றனவா என்பதே சோதனை. ஒத்துப்போகாவிட்டால் காரணம் தேட வேண்டும். மௌப்ரே என்ற பெயர் இந்தச் சோதனையின் அருமையை நன்றாகக் காட்டும்.

லெஸ்டர்ஷயரில் மெல்டன் மௌப்ரே என்ற ஊர் இருக்கிறது. யார்க்ஷயரின் வடபகுதியில் மௌப்ரே பள்ளத்தாக்கு இருக்கிறது. வரைபடத்தைப் பார்ப்பவர் எவரும் இவற்றில் ஒன்றிலிருந்தே குடும்பப் பெயர் வந்தது என்று முடிவு கட்டிவிடுவார். நடந்தது நேர்மாறானது. அந்த இடங்களுக்கு உரிமையாளராக இருந்த குடும்பமே தன் பெயரை அவற்றுக்குக் கொடுத்தது. பெயரின் பிறப்பிடம் இங்கிலாந்தே அல்ல. பிரான்ஸின் நார்மண்டியில், இன்றைய மான்ஷ் பகுதியில் உள்ள மோன்ப்ரே என்ற சிற்றூர் அது. மலை, சேறு என்று பொருள்படும் இரண்டு பழைய பிரெஞ்சுச் சொற்களால் ஆன பெயர். அவ்வூரைச் சேர்ந்த, குதான்ஸ் நகரப் பேராயத்தின் ஆயரான ஜெஃப்ரி, 1066-இல் நார்மண்டிக் கோமகன் வில்லியமுடன் இங்கிலாந்துக்கு வந்து ஏராளமான நிலங்களைப் பெற்றார். அவருடைய சகோதரரின் மகன் ராபர்ட் நார்தம்பிரியாவின் பிரபுவாக இருந்து, 1095-இல் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து, சிறைப்பட்டு எல்லாவற்றையும் இழந்தார்.

குருதி வழி என்று பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ராபர்ட்டின் மனைவி பின்னர் நைஜல் தோபினி என்பவரை மணந்தார். மோன்ப்ரே நிலங்களும் நைஜலின் கைக்கு வந்தன. நைஜலுக்கு மற்றொரு மனைவி மூலம் பிறந்த ரோஜர், முதலாம் ஹென்றி மன்னரின் ஆணைப்படி மௌப்ரே என்ற பெயரை ஏற்றார். பெயர் நிலத்தோடு சேர்ந்து கைமாறியதே தவிர, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததல்ல. ரோஜரின் பேரன் வில்லியம், 1215-இல் மாக்னா கார்ட்டாவை நடைமுறைப்படுத்தப் பொறுப்பேற்ற 25 பிரபுக்களில் ஒருவர். அவர்கள் வழியில் வந்த தாமஸ் மௌப்ரே 1397-இல் நார்ஃபோக் கோமகனாக உயர்ந்து, மறு ஆண்டே நாடு கடத்தப்பட்டு, 1399-இல் வெனிஸில் இறந்தார். கோமகன்களின் நேரடி ஆண் வழி 1476-இல் அற்றுப்போனது. எஞ்சிய ஒரே பெண் குழந்தை ஆன், ஐந்து வயதில் இளவரசர் ரிச்சர்டுக்கு மணமுடிக்கப்பட்டு, 1481-இல் எட்டு வயதில் இறந்தாள். அவளுடைய சவப்பெட்டி 1964-இல் லண்டனில் கட்டுமானப் பணியின்போது கண்டெடுக்கப்பட்டது.

ஆகவே இன்று மௌப்ரே என்ற பெயரைத் தாங்கும் ஒருவர் தம்மைக் கோமகன்களின் வாரிசு என்று சொன்னால், ஆவணம் இன்றி அதை ஏற்க இயலாது. இளைய கிளைகளிலிருந்து வந்தவர்கள் இருக்கலாம். பிரபுவின் நிலத்தில் வாழ்ந்து அவர் பெயரால் அறியப்பட்டவர்களின் வழியினர் இருக்கலாம். மெல்டன் மௌப்ரேயிலிருந்து வெளியேறி ஊர்ப் பெயரின் பின்பாதியைப் பெற்றவர்களும் இருக்கலாம். ஸ்காட்லாந்துக் கிளையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எடின்பரோவுக்கு அருகில் ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய பார்ன்பூகிள் அவர்களது இருப்பிடம். 1314-இல் பானக்பர்ன் போருக்குக் காரணமான ஸ்டர்லிங் கோட்டையை அப்போது ஆங்கிலேயர் சார்பில் காத்து நின்றவர் சர் பிலிப் மௌப்ரே. எடின்பரோவின் பழைய நெடுந்தெருவில் அக்குடும்பப் பெயர் தாங்கிய வீடு இன்றும் நிற்கிறது.

மரபணுச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரிய குடும்பப் பெயர் கொண்ட ஆண்களிடையே, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமில் ஒற்றுமை அதிகம் என்றும், ஸ்மித் போன்ற பெயர்களில் அது இல்லை என்றும் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு அது துணையாகும். முதல் கேள்விக்கு ஆகாது.

சென்னையில் தேடுவது

இங்கிருந்து தேடுபவருக்கு உள்ள ஒரு வசதியைப் பலர் உணர்வதில்லை. இங்கிலாந்தில் ஒரு பெயரைத் தாங்கிய ஆயிரம் பேரில் நம்மவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அவரைப் பற்றிய ஆவணங்களின் தொடக்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டது. சில நாட்களில் அங்கு நடந்த முதல் திருமணம், பின்னாளில் மதராஸ் ஆளுநரான எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸுக்கும் நடந்தது. இருவர் பெயருமே இந்த வழிகாட்டிக்கு உரியவை: யேல் என்பது வேல்ஸின் வடகிழக்கில் உள்ள யால் என்ற நிலப்பகுதியின் பெயர், ஹின்மர்ஸ் மிக அரிய பெயர். கேத்தரினின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறை, யேலின் மகன் டேவிட்டின் கல்லறையோடு சேர்ந்து உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களை நிதானமாகப் பாருங்கள். பழைய இடுகாட்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட அக்கற்களில் குடும்பச் சின்னங்களும், சிலவற்றில் பிறந்த ஊரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தேய்ந்துபோன எழுத்துகளுக்கு, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் அரசு வெளியிட்ட மதராஸ் கல்லறை வாசகங்களின் பட்டியல் உதவும். கன்னிமாரா நூலகத்தில் பழைய அசைலம் பிரஸ் ஆண்டுப் புத்தகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். அலுவலர், வணிகர், குடியிருப்போர் பெயர்கள் அவற்றில் உள்ளன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனி ஆட்சியின் கோப்புகள் 17-ஆம் நூற்றாண்டு முதல் இருக்கின்றன. எந்த ஆண்டு, எந்தத் துறை என்பதை முன்பே குறித்துக்கொண்டு சென்றால் நேரம் மிச்சமாகும்.

மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களில் அவை 1698 முதல் தொடராக உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் அவற்றின் அட்டவணைகளை இலவசமாகத் தேடலாம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எழும்பூரில் 1789 முதல் ஆண்ட்ரூ பெல் நடத்திய ஆண் பிள்ளைகள் விடுதியில், ஐரோப்பியப் போர்வீரர்களின் பிள்ளைகள் வளர்க்கப்பட்டார்கள். அத்தகைய விடுதிகளில் வளர்ந்த பிள்ளையின் பெயர் தந்தையின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில போர்வீரர்கள் படையில் சேரும்போதே பொய்ப் பெயர் கொடுத்ததும் உண்டு. பெயரின் வரலாறு ஒரு குடும்பத்தின் வரலாறாக இல்லாமல் போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பத்தாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் தாய் வழியின் வரலாறு பெரும்பாலும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அதற்கும் இதே அளவு உழைப்பு தர வேண்டும்.

கடைசி இணைப்பு, சென்னையில் இருந்தவரை ஓர் ஆங்கில அல்லது ஸ்காட்டியப் பங்கோடு சேர்ப்பது. கம்பெனியில் எழுத்தராகச் சேர விண்ணப்பித்தவர்கள் தங்கள் வயதுக்குச் சான்றாக ஞானஸ்நானப் பதிவின் நகலை இணைக்க வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கும் அந்த விண்ணப்பங்களும், படையில் இளம் அதிகாரிகளாகச் சேர்ந்தவர்களின் தாள்களும் அதே இந்தியா ஆபிஸ் ஆவணங்களில் உள்ளன. உங்கள் ஆளின் விண்ணப்பம் கிடைத்துவிட்டால், பங்கின் பெயர், பெற்றோர் பெயர், அன்றைய எழுத்துக்கூட்டல் மூன்றும் ஒரே தாளில் கிடைத்துவிடும். டி.டி.கே. சாலைக்குப் பழைய பெயர் தந்த மௌப்ரேயின் எழுத்துக்கூட்டலில் யு இருப்பதால், முதலில் பார்க்க வேண்டியவை ஸ்காட்லாந்துப்பீப்பிள் தளத்தில் உள்ள பங்குப் பதிவேடுகள். அங்கே அவருடைய ஞானஸ்நானம் உறுதிப்படும் வரை, ஸ்காட்லாந்து என்பதை உங்கள் குறிப்பேட்டில் ஊகம் என்ற பத்தியிலேயே எழுதி வையுங்கள்.